வாய் திறக்காத பாம்பு, வாய் மூடாத கட்டுரை

குரைக்காது. முடி கொட்டாது. காலையில் நடைக்குக் கூட்டிப் போகச் சொல்லி வாசலில் நிற்காது. ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டில் சாவி கொடுத்துவிட்டுப் போக வேண்டியதில்லை. மாதத்துக்கு ஒரு எலி போதும், அதற்கு மேல் எதையும் கேட்காது.

முதன்முதலாகப் பாம்பு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் போவாவை வாங்கலாம் என்று சென்ற இதழில் யோசனை சொன்ன கட்டுரையின் சாரம் இதுதான். நாலு பக்கம், ஆறு வண்ணப் படம். ஒரு போவா என்னென்ன செய்யாது என்று அதில் நீண்ட பட்டியல் இருக்கிறது. என்ன செய்யும் என்று ஒரு வரி இல்லை. துளசி மாடத்தைப் பற்றி எழுதியிருந்தால்கூட இதைவிடக் கூடுதலாகச் சொல்லியிருப்பார்: தண்ணீர் ஊற்றுங்கள், வெயில் படும்படி வையுங்கள் என்றாவது.

கட்டுரையின் தவறுகளை எண்ணிக்கொண்டே போகலாம். ஆனால் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான். பாம்பு எதைக் கேட்கவில்லையோ அது பாம்புக்குத் தேவையில்லை என்று அவர் தீர்மானித்துவிட்டார். இடம் கேட்கவில்லை, ஆகவே இடம் வேண்டாம். சூடு கேட்கவில்லை, ஆகவே சூடு வேண்டாம். வலிக்கிறது என்று சொல்லவில்லை, ஆகவே வலி இல்லை. இந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்பதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன்.

நான் கால்நடை மருத்துவன். நாய், பூனைக்கு நடுவே கிளியும் ஆமையும் எப்போதாவது பாம்பும் வரும். ஒரு டிசம்பர் மாதக் காலையில் கல்லூரி மாணவன் ஒருவன் பூப்போட்ட தலையணை உறையை முடிச்சுப் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தான். உள்ளே ஆறடிப் பெண் போவா. தாய்மாமா வளர்த்த பாம்பு. அவர் துபாயில் வேலை கிடைத்துப் போனதும் இவன் அறைக்கு வந்து சேர்ந்தது. திருப்பிப் பிடித்து அடிவயிற்றைப் பார்த்தேன். பாம்பின் வயிற்றுச் செதில்கள் ஓடு வேய்ந்த கூரைபோல ஒன்றன்மேல் ஒன்றாக ஒழுங்காக அடுக்கியிருக்கும். இதற்கு நடுவயிற்றில் ஒரு சாண் நீளத்துக்கு அந்த அடுக்கே இல்லை. பழுப்பேறி, ஓரம் சுருண்டு, இரண்டு இடத்தில் செதில் கழன்று ஈரச்சதை தெரிந்தது. இரவில் ஏசி போட்டுத் தூங்குகிற பையன், பாம்புக்குக் குளிருமே என்று, பாட்டியின் இடுப்பு வலிக்கு வாங்கிய ஹீட்டிங் பேடைத் தொட்டிக்குள் விரித்திருக்கிறான். குளிர்ந்த அந்த அறையில் சூடு இருந்த ஒரே இடம் அதுதான். பாம்பு அதன் மேலேயே கிடந்திருக்கிறது. மூன்று நாள்.

"மூணு நாளா நீ பாக்கவே இல்லையா தம்பி?"

"பாத்தேன் டாக்டர். அது பாட்டுக்கு அமைதியாப் படுத்திருந்துச்சு. ஒண்ணுமே சொல்லலையே."

அவன் ஈவிரக்கம் இல்லாத பையன் அல்ல. குளிருமே என்று கவலைப்பட்டவன். அவனுக்குத் தெரியவேண்டியதை யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான். சொல்லித் தரும் நாற்காலியில் வந்து உட்கார்ந்த கட்டுரையாளரோ, தெரிந்துகொள்ள எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறார்.

எந்தப் பாம்பைப் பற்றிப் பேசுகிறோம் என்பதிலேயே அவருக்குத் தெளிவில்லை. போவாவை 'அமெரிக்க மலைப்பாம்பு' என்கிறார். மலைப்பாம்பு முட்டையிட்டு, அதைச் சுற்றிச் சுருண்டு கிடந்து அடைகாக்கும். போவா குட்டி போடும், ஒரே ஈற்றில் இருபதுக்கு மேல் போடுவதும் சாதாரணம். 'பாம்பின் கால் பாம்பறியும்' என்ற பழமொழியோடு கட்டுரையைத் தொடங்கியிருக்கிறார். போவாவுக்கு நிஜமாகவே காலின் மிச்சம் உண்டு என்பது தெரிந்திருந்தால் அந்தப் பழமொழிக்கு ஒரு பொருளாவது கிடைத்திருக்கும். கழிவாய்க்கு இரு பக்கமும் கொக்கி மாதிரி ஒரு சிறு நகம் துருத்திக்கொண்டிருக்கும். வளர்ந்த ஆணுக்கு அது பெரிது, பெண்ணுக்குச் சிறிது. முதல் போவா வாங்குகிறவர் ஆணா பெண்ணா என்று கேட்பது அவசியம், ஏனென்றால் பெண்தான் பெரிதாக வளரும். கட்டுரையில் அந்தக் கேள்வியே இல்லை.

'ரெட் டெயில்' என்ற ஒரே பெயரில் கடைகளில் விற்பது ஒரே பாம்பும் அல்ல. லின்னேயஸ் 1758-ல் பெயரிட்ட போவா கன்ஸ்ட்ரிக்டர் தென் அமெரிக்காவின் அமேசான் பகுதிப் பாம்பு. நல்ல வளர்ச்சி கண்ட பெண் பத்தடியைத் தொடும். மெக்சிகோவிலிருந்து மத்திய அமெரிக்கா வழியாகக் கொலம்பியா வரை வாழ்வது போவா இம்பரேட்டர். வளர்ப்புச் சந்தையில் பெரும்பாலும் கைமாறுவது இதுதான். இதில் பெண் ஆறிலிருந்து எட்டடி வரை போகும், ஆண் அதைவிடக் குறைவு. ஹோண்டுராஸ் கரைக்கு அப்பாலுள்ள சிறு தீவுகளின் போவாக்கள் இன்னும் சிறியவை. ஒன்றரை அடிக் குட்டியாகக் கடைக்காரர் உள்ளங்கையில் சுருண்டிருக்கும்போது இவை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரியும். நாலு வருஷம் கழித்துத் தெரியும் வித்தியாசம், நம் வீட்டு அறையின் அகலத்தை விடவும் பெரிதாக இருக்கலாம். கட்டுரையாளர் இதற்கெல்லாம் இடம் ஒதுக்கவில்லை. எந்த 'மார்ஃப்', அதாவது எந்த நிற வகை, எந்தச் சுவர் வண்ணத்துக்குப் பொருந்தும் என்பதற்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்.

இடம் போதாதே என்று கேட்கப் போகிறவர்களுக்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். சின்னத் தொட்டியில் வைத்தால் பாம்பு அந்த அளவுக்கு மேல் வளராதாம். பிள்ளைக்குச் சின்னச் செருப்பாகவே வாங்கிப் போட்டால் கால் வளராது என்று சொல்வது மாதிரி. பாம்பு வளர்வது தின்னும் தீனியால். தொட்டியின் கண்ணாடி அதற்கு அணை போடாது. சின்னத் தொட்டியில் வளராத பாம்பு ஒன்று இருந்தால் அது பட்டினி கிடக்கிற பாம்பு, இல்லையென்றால் நோய்ப்பட்ட பாம்பு. வளர்ந்த போவா ஒன்றுக்கு ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்பது ஆரம்பக் கணக்கு. உடம்பை முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க முடிய வேண்டும். இளம் வயதில் கிளை ஏறும் பழக்கமுள்ள பாம்பு என்பதால் ஏறிப் படுக்கத் தடித்த கொம்பும் வேண்டும். சுருண்டேதான் கிடக்கிறது, நீட்ட எங்கே ஆசைப்படுகிறது என்பார் கட்டுரையாளர். நீட்ட இடமில்லாத தொட்டியில் சுருளாமல் வேறென்ன செய்யும்?

இடத்தை விடப் பெரிய விஷயம் காலம். அதைப் பற்றி அந்த நாலு பக்கத்தில் மூச்சே இல்லை. ஒழுங்காக வளர்க்கப்பட்ட போவா இருபது, முப்பது ஆண்டு இருக்கும். அமெரிக்காவின் பிலடெல்பியா விலங்குக் காட்சிசாலையில் 'போப்பை' என்ற போவா நாற்பது வயதைத் தாண்டி 1977-ல்தான் இறந்தது. இருபது வயதில் குட்டி போவா வாங்குகிற மாணவன் ஐம்பது வயதிலும் அதற்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பான். நடுவில் வேலை வரும், ஊர் மாறும், கல்யாணம் வரும், பெண் வீட்டார் வந்து வீட்டைப் பார்ப்பார்கள். சென்னையில் வாடகை வீடு தேடியவர்களுக்குத் தெரியும்: கறி சமைப்பீர்களா என்று கேட்டுப் பதில் பிடித்திருந்தால்தான் வீட்டுக்காரர் சாவியை எடுப்பார். அவரிடம் போய், 'எங்களோடு எட்டடியில் இன்னொருத்தி வருவாள்' என்று எப்படிச் சொல்வது என்றும் கட்டுரையாளர் சொல்லிக் கொடுத்திருக்கலாம். என்னிடம் வந்த பையனின் தாய்மாமா கெட்டவர் இல்லை. விசா வந்தது, போனார். பாம்புக்கு விசா இல்லை.

அடுத்தது தட்பவெப்பம். போவா வெப்ப மண்டலத்துப் பாம்பு, தமிழ்நாடும் வெப்ப மண்டலம், ஆகவே சூட்டைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்கிறார். வாழையும் வெப்ப மண்டலத்துப் பயிர்தான். கொண்டுபோய் மொட்டை மாடியில் நட்டுப் பார்க்கட்டும். காட்டில் போவாவுக்கு நிழல் இருக்கிறது, மரப்பொந்து இருக்கிறது, பொந்துக்குள் ஈரம் இருக்கிறது. அதற்கு வியர்க்காது. நாய் மாதிரி நாக்கைத் தொங்கப் போட்டு இளைத்து உடம்பை ஆற்றிக்கொள்ளவும் தெரியாது. சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கும், குளிர்ச்சியிலிருந்து சூட்டுக்கும் நகர்ந்து போவது ஒன்றுதான் அதன் கையிலிருக்கும் ரிமோட். கூண்டுக்குள் அப்படி நகர முடியவேண்டும் என்றால், ஒரு முனையில் 31, 32 டிகிரி செல்சியஸும் மறுமுனையில் 26 டிகிரியை ஒட்டியும் இருக்க வேண்டும். ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தெர்மோஸ்டாட் இல்லாத எந்த வெப்பச் சாதனமும் கூண்டுக்குள் போகக் கூடாது. இரண்டு முனையிலும் வெப்பமானி வேண்டும். மே மாத மத்தியானத்தில் சென்னையில் மேல்மாடி அறைக்குள் 36, 37 டிகிரி சர்வசாதாரணம். மூடிய கண்ணாடித் தொட்டிக்குள் இன்னும் கூடும். அங்கே பாம்புக்கு ஓடி ஒளியக் குளிர்ந்த முனை கிடையாது. குளிரில் நோயாளியாகிற போவா உண்டு. நம் ஊரில் ஒரே மத்தியானத்தில் செத்துப்போவதற்குக் கோடை போதும்.

தீனி விஷயத்தில் அவர் காட்டும் உற்சாகம்தான் எனக்கு அருவருப்பைத் தந்தது. உயிருள்ள எலியைத் தொட்டிக்குள் விடுங்கள், பிள்ளைகளைச் சுற்றி உட்காரவையுங்கள், இயற்கையின் பாடம் இலவசம் என்கிறார். தொட்டிக்குள் எலிக்கு ஓட வழியில்லை. பசி இல்லாத பாம்பும் பல நாள் அசையாமல் கிடக்கும். அந்த நேரத்தில் எலி சும்மா இருக்காது, கடிக்கும். முதுகெலும்பு தெரியக் கடிபட்ட பாம்பைத் தைத்திருக்கிறேன். இதற்காகத்தான், உறையவைத்த எலியை வாங்கி, பனி முழுக்க விட்டு, வெதுவெதுப்பாக்கி, இடுக்கியால் நீட்டும் பழக்கம் வந்தது. பெரும்பாலான போவாக்கள் அதற்குப் பழகிக்கொள்ளும். எலிக்கும் அது மேல், பாம்புக்கும் அது மேல்.

போவா இரையை மூச்சுத் திணறடித்துக் கொல்கிறது என்று படத்துக்குக் கீழே வேறு எழுதியிருக்கிறார். 2015-ல் வெளியான ஆய்வு ஒன்றில், போவாவின் பிடிக்குள் எலியின் ரத்த அழுத்தத்தையும் இதயத் துடிப்பையும் அளந்து பார்த்தார்கள். சில நொடிகளிலேயே ரத்த ஓட்டம் நின்றுபோயிருந்தது. மூச்சு முட்டிச் சாகும் அளவுக்கு நேரமே ஆகவில்லை. அதற்கு முன்பு 2012-ல் வந்த இன்னொரு ஆய்வு, இரையின் இதயத் துடிப்பைப் போவா உணர்கிறது என்றும், துடிப்பு நின்றதும்தான் பிடியைத் தளர்த்துகிறது என்றும் காட்டியது. சுருளுக்குள் இருக்கும் எலியின் நாடியைப் பார்க்கத் தெரிந்த ஒரு உயிரை, எதுவும் உணராத அலங்காரப் பொருளாக அவர் விற்றுக்கொண்டிருக்கிறார்.

'மாதம் ஒரு எலி' என்ற கணக்கும் பாதிதான். குட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாளுக்கு ஒரு முறை தீனி வேண்டும். இரையின் பருமன் பாம்பின் உடம்பு மிகத் தடித்த இடத்தைத் தாண்டக் கூடாது. வளர்ந்த பாம்புக்கு மூன்று வாரத்துக்கோ ஐந்து வாரத்துக்கோ ஒரு முறை போதும். தின்ற பிறகு இரண்டு நாளாவது கையில் எடுக்காமல் விட வேண்டும், இல்லையென்றால் கக்கிவிடும். கக்கினால் அடுத்த தீனிக்கு இரண்டு வாரம் பொறுக்க வேண்டும். சட்டை உரிக்கும் நாள் நெருங்கும்போது கண்ணில் நீலப் பால் படர்ந்த மாதிரி இருக்கும். அப்போது அதற்குச் சரியாகக் கண் தெரியாது, தொட்டால் சீறுவது இயல்பு. இவற்றைத் தெரிந்துகொள்ள அதிக நாள் ஆகாது. அவர் அதையும் சொல்லாமல், பாம்பு திடீரென்று கோபக்காரி ஆகிவிட்டால் ஆளை மாற்றிப் பாருங்கள் என்கிறார்.

நோயே வராத பிராணியாம் போவா. போவா வளர்ப்பவர்களைத் தூங்கவிடாத நோய் ஒன்று இருக்கிறது, பெயர் இன்க்ளூஷன் பாடி டிசீஸ். ரெப்டரினாவைரஸ் என்ற கிருமிக்கும் இதற்கும் உள்ள தொடர்பு 2012-ல் வெளிச்சத்துக்கு வந்தது. மலைப்பாம்புக்கு வந்தால் சீக்கிரம் முடித்துவிடும். போவா மாதக்கணக்கில், வருடக்கணக்கில்கூட வெளிக்குறி எதுவும் இல்லாமல் அதைச் சுமந்து திரியலாம். பிறகு கக்கும், தலையை நிமிர்த்த முடியாமல் வானத்தைப் பார்த்துச் சுழற்றும். குணப்படுத்த மருந்து இல்லை. இதனால்தான், ஏற்கெனவே பாம்பு இருக்கும் வீட்டுக்குப் புதிதாக இன்னொன்று வந்தால் மூன்று மாதமாவது வேறு அறையில், வேறு தண்ணீர்க் கிண்ணத்தோடு தனித்து வைக்கச் சொல்கிறோம். கட்டுரையாளரோ ஒரு தொட்டியில் இரண்டு போவா வைத்தால் ஒன்றுக்கொன்று துணை என்கிறார். போவா தனிக்காட்டு ராணி. துணை தேடி அழும் பிராணி என்று அவரிடம் யார் சொன்னார்கள்? நிச்சயமாகப் பாம்பு சொல்லியிருக்காது.

சட்டத்தைப் பற்றி ஒரே வரி: இந்தியப் பாம்பு இல்லை என்பதால் சிக்கல் எதுவும் இல்லை. இந்த வரியை நம்பி யாராவது போவா வாங்கினால், வழக்கறிஞருக்கான செலவைக் கட்டுரையாளர் ஏற்றுக்கொள்வாரா? போவா, வன உயிர்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருக்கும் உயிரினம். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-ல் வந்த திருத்தம், அப்படிப்பட்ட உயிரினங்களுக்கென்று தனி அட்டவணையே போட்டது. 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, வைத்திருப்பவர் பரிவேஷ் இணையதளம் வழியாகப் பதிவு செய்ய வேண்டும். குட்டி போட்டாலும் தெரிவிக்க வேண்டும், செத்தாலும் தெரிவிக்க வேண்டும், இன்னொருவர் கைக்கு மாறினாலும் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து கொண்டுவர அனுமதிகள் தனி. பாங்காக்கிலிருந்து வரும் பயணிகளின் பைகளில் துணிக்குள் சுருட்டி வைத்த பாம்புக் குட்டிகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத் துறை எத்தனையோ தடவை பிடித்திருக்கிறது. பில் கேட்டால் 'அதெல்லாம் எதுக்கு சார்' என்று சிரிக்கும் கடைக்காரரின் குட்டி எந்தப் பையில் வந்தது என்று கேட்காமல் வாங்கச் சொல்வதற்குப் பெயர் யோசனை அல்ல, உடந்தை.

அமெரிக்காவே போவாவைத் தடை செய்யவில்லையே என்று ஒரு கேள்வியும் கேட்டிருக்கிறார். உண்மைதான், இந்த ஒரு தகவலைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். ஊறு விளைவிக்கும் உயிரினங்கள் பட்டியலில் போவாவையும் சேர்க்க 2010-ல் அங்கே முன்மொழிந்தார்கள். 2015-ல் வேறு பாம்புகளைச் சேர்த்தபோது போவாவை விட்டுவிட்டார்கள். அந்தப் பட்டியலில் இல்லை என்பதற்கு, யார் வேண்டுமானாலும் வளர்க்கலாம் என்று அர்த்தம் இல்லை. பீடியும்தான் தடை செய்யப்படவில்லை.

இதுவரை சொன்னவற்றை அறியாமை என்று மன்னித்துவிடலாம். இனிச் சொல்லப் போவதை மன்னிக்க முடியாது. வெளிநாட்டுப் போவாவுக்குக் கையில் காசில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், நம் ஊர் மண்ணுளியும் போவா வகைதான், வயற்காட்டில் கிடைக்கும், அதில் பழகிக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். மண்ணுளிப் பாம்பு போவாவுக்கு உறவு என்பது சரி. அதுவும் குட்டிதான் போடும். அதன் அறிவியல் பெயரிலுள்ள 'ஜானியை' என்பது தரங்கம்பாடியில் வாழ்ந்த டேனிஷ் மிஷன் பாதிரியார் கிறிஸ்டோப் சாமுவேல் ஜானின் நினைவாக 1801-ல் சூட்டப்பட்டது. இவ்வளவு நெருங்கிய நம் ஊர்ப் பாம்பு. ஆனால் அது சட்டம் பாதுகாக்கும் வன உயிர். பிடித்தாலும் குற்றம், வைத்திருந்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம்.

சட்டத்தை ஒரு பக்கம் வைப்போம். மொண்ணை வாலைத் தலை என்று நம்பி 'இருதலை மணியன்' என்று பெயர் வைத்தோம். நக்கினால் குஷ்டம் வரும் என்று அடித்துக் கொன்றோம். இப்போது புதையல் காட்டும், தீராத நோயைத் தீர்க்கும் என்று கோடிக்கணக்கில் விலை பேசுகிறோம். இரிடியம் கலசம் விற்ற கூட்டத்துக்கு இதுவும் ஒரு சரக்கு. எடைக்கு ஏற்ற விலை என்பதால் பாம்பின் எடையைக் கூட்ட என்னென்னவோ கொடுமை நடக்கிறது. வாலில் சூடு போட்டுக் கண் மாதிரித் தழும்பு வரவைக்கிறார்கள். மூன்றடிகூட முழுசாக வளராத, வயல் எலியைத் தின்று விவசாயிக்கு உழைக்கிற இந்தப் பிராணிக்கு ஏற்கெனவே இத்தனை எதிரிகள். 'பழகிப் பார்க்க' என்று இன்னொரு கூட்டத்தையும் மண்வெட்டியோடு அனுப்பி வைக்கிறார் நம் கட்டுரையாளர்.

பிடிக்காமல் போனால்? அதற்கும் பதில் இருக்கிறது. காட்டில் விட்டுவிடலாமாம், இயற்கை பார்த்துக்கொள்ளுமாம். மெக்சிகோவின் கொசுமெல் தீவில் 1971-ல் விடப்பட்ட போவாக்கள் அங்கேயே வேரூன்றிவிட்டன. அரூபா தீவில் 1999-ல் முதன்முதலாகத் தென்பட்டன, இன்றும் ஒழித்தபாடில்லை. ஒன்றே ஒன்றைத்தானே விடுகிறோம் என்று சொல்வதற்கும் இல்லை. ஆண் துணையில்லாமலே ஒரு பெண் போவா குட்டிகள் ஈன்றதை 2010-ல் மரபணுச் சோதனை உறுதி செய்திருக்கிறது. அமெரிக்காவின் புளோரிடாவில் வளர்ப்புச் சந்தையிலிருந்து சதுப்பு நிலத்துக்குப் போன பர்மிய மலைப்பாம்புகள் பெருகி, அங்குள்ள பாலூட்டிகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கின்றன. கண்ணில் படாமல் புல்லுக்குள் கிடக்கும் அவற்றைக் கண்டுபிடிக்க, 2017 ஜனவரியில் அந்த மாநில வனவிலங்கு ஆணையம் யாரை வரவழைத்தது தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்களான மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும். கையில் ஒரு கம்பியோடு போன இருவரும் இரண்டு வாரத்துக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் காட்டினார்கள். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. யாரோ ஆசைக்கு வாங்கி அலுப்பில் கைவிட்ட பாம்பின் தடத்தைத் தேட, கடல் தாண்டி நம் இருளர்கள் போக வேண்டியிருந்தது. மணலில் விழுந்த கோட்டைப் பார்த்தே எந்தப் பாம்பு, எப்போது போனது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பேசாத உயிர் என்ன சொல்கிறது என்று கேட்கத் தெரிந்தவர்கள். பாம்பைப் பற்றி எழுத ஆசைப்படுகிறவர் ஒரே ஒரு நாள் அவர்கள் பின்னால் நடந்துவிட்டு வந்திருக்கலாம்.

கட்டுரையில் ஒரு நல்ல நோக்கம் இருப்பதை மறுக்கவில்லை. பாம்பைக் கண்டதும் கம்பைத் தேடும் நம் பழக்கம் போக வேண்டும் என்கிறார். நூற்றுக்கு நூறு சரி. போவா பொதுவாகச் சாந்தமான பாம்பு என்பதும் சரி. நஞ்சு இல்லை. முறையாகக் கையாளப்பட்டால் தோளில் ஏறி நாக்கை நீட்டி ஊரை அளந்துகொண்டிருக்கும். அதைப் பார்க்கும் சிறுவனுக்கு ஆயுசுக்கும் பாம்புப் பயம் போய்விடும். ஆனால் அந்தப் பயத்தைப் போக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு போவா வேண்டாம். கிண்டி பாம்புப் பண்ணைக்கு ஒரு நுழைவுச்சீட்டு போதும்.

அதையும் மீறி, சட்டம் இடம் கொடுக்கும் நாட்டில், சட்டம் கேட்கும் காகிதங்களோடு, முதல் போவா வளர்த்தே தீருவேன் என்கிறவர்களுக்குக் கட்டுரையாளர் சொல்லியிருக்க வேண்டியது வேறு வரிசை. முதலில் வளர்ந்த பாம்புக்கான கூண்டு. அதில் தெர்மோஸ்டாட்டைப் பொருத்தி, பாம்பு இல்லாமலே இரண்டு வாரம் ஓட்டி, காலையும் இரவும் வெப்பத்தைக் குறித்துப் பாருங்கள். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரியுங்கள். நீங்கள் இல்லாத காலத்தில் யார் பொறுப்பு என்று ஒரு பெயரை எழுதி, அந்த ஆளிடம் சம்மதம் வாங்குங்கள். அதன் பிறகு பாம்பு. காட்டில் பிடித்தது வேண்டாம், வளர்ப்பில் பிறந்தது வேண்டும். கையில் எடுத்தால் உடம்பு துவளக் கூடாது, விரலைச் சுற்றி இறுக்கிப் பிடிக்க வேண்டும். மூக்கில் நுரையோ வாயில் கோழையோ இருக்கக் கூடாது. கழிவாய் சுத்தமாக இருக்க வேண்டும். அதன் தண்ணீர்க் கிண்ணத்துக்கு அடியில் வெள்ளைத் தாளை வைத்துப் பாருங்கள், மிளகுத்தூள் மாதிரிக் கரும்புள்ளிகள் நகர்ந்தால் சிற்றுண்ணி. கடைசியாகத் தின்ற மூன்று தேதிகளைக் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். முடிந்தால் உங்கள் கண்முன் ஒரு தீனி தின்னட்டும். நிறத்தை இத்தனைக்கும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கட்டுரையாளர் நிறத்தில் தொடங்கி நிறத்திலேயே முடித்திருக்கிறார்.

அந்தக் கல்லூரிப் பையனின் பாம்பு பிழைத்தது. ஐந்து மாதம் ஆனது. மணலை எடுத்துவிட்டு வெள்ளைத் தாள் விரிக்கச் சொன்னேன், தினமும் களிம்பு போடச் சொன்னேன். சட்டை உரிக்கும் ஒவ்வொரு முறையும் புண் கொஞ்சம் சுருங்கியது. கடைசியில் வழவழவென்று ஒரு தழும்பு மட்டும் நின்றது. ஏசியில் உறங்கும் அறையிலிருந்து பாம்பை அடுத்த அறைக்கு மாற்றினான். தாய்மாமா பெயரிலிருந்து தன் பெயருக்கு மாற்றியதைத் தெரிவித்தான். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டுத் தேதி, சூடு, எடை என்று எழுதத் தொடங்கினான்.

மே மாதத்தில் ஒரு மத்தியானம் போன் செய்தான். "டாக்டர், காலையிலேருந்து தண்ணிக் கிண்ணத்துக்குள்ளயே சுருண்டு கெடக்கு. எப்பவும் அப்படிப் பண்ணாது. உண்ணி இருக்கான்னு பாத்தேன், இல்ல. அப்புறம் அந்த மூலையில சூடு பாத்தா முப்பத்தாறு இருக்கு. அதான் சொல்லுதுபோல. ஜன்னல்ல ஈரச் சாக்கு கட்டிட்டேன். வேற என்ன பண்ணட்டும்?"